தோட்டம் பேணிய தொண்டர்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை மீதேறி வடதிசை நோக்குவோமாயின், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே திருவரங்கத் தீவு நம் கண்ணுக்குப் புலனாகும். அத்தீவிலே ஒரு பூந்தோட்டத்தைப் பேணுதலையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் தொண்டரடிப்பொடியாழ்வார். அவர் சரிதத்தை வைணவ மரபு கூறுமாறே ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

கும்பகோணத்தை அடுத்த திருமண்டங்குடியிலே, மார்கழித் திங்கட் கேட்டை நாளில் தோன்றிய இவரது இயற்பெயர் விப்பிரநாராயணர். இவர் திருவரங்கம் போந்து, மணவாழ்க்கையை விரும்பாது, நந்தவனம் ஒன்றமைத்து, நாடோறும் துளவமும் மலரும் தொடுத்து அரங்கனுக்கு அளித்து வந்தார்.

அத்தீவின் மண், ஆறுகள் கொணர்ந்த வண்டல். வண்டலில் மணல் மிக்க இடத்தில் நீர் நில்லாது. களி மிக்க இடத்தில் வேருக்குக் காற்றுச் செல்லாது. இவ்விரு குறைக்கும் மருந்து ஒன்றே: மக்கிய இலையும் தொழுவுரமும். இவை மணலுக்கு ஈரங்காக்கும் ஆற்றலையும், களிக்கு நெகிழ்ச்சியையும் தருவன. ஆயினும் வெயில் மிக்க நம் நாட்டில் அவை விரைவிற் சிதைந்து போதலின், ஆண்டுதோறும் இட்டு வருதல் வேண்டும். ஆகவே நல்ல பாத்தி என்பது பல்லாண்டு உழைப்பின் சேமிப்பேயாம்.

விப்பிரநாராயணரது உழைப்பு இடையே தடைப்பட்டது. தேவதேவி என்னும் கணிகைபால் மனமிழந்து, தம் பணியை மறந்தார், கைப்பொருளும் இழந்தார். கோயிற் பொன்வட்டில் அவள் மனையிற் காணப்படவே, பழி இவர்மீது வீழ்ந்து சிறையும் புக்கார். உண்மை விளங்கி விடுதலை பெற்றபின், பழைய தோட்டப் பணிக்கே மீண்டார். அடியவர் பாதத்தூளி எனப் பொருள்படும் பெயரையும் பூண்டார். 45 பாசுரங்கொண்ட திருமாலையும், 10 பாசுரங்கொண்ட திருப்பள்ளியெழுச்சியும் இவர் அருளியவை.

திருமங்கையாழ்வார் கோயில் மதில் எழுப்புங்கால், இத்தோட்டம் மதில் செல்லும் வழியிற் குறுக்கிட்டது. அதனை அழிக்க மனமின்றி, அவர் மதிலை ஒதுக்கிக் கட்டுவித்தார். அது கண்டு மகிழ்ந்த தொண்டரடிப்பொடியார், அவர் பெயர்களுள் ஒன்றாகிய அருள்மாரி என்பதனைத் தம் தோட்டக் கருவிக்கு இட்டு வழங்கினார்.

மதிலை ஒதுக்கியது தகுமோ என்று சிலர் வினவலாம். தகும் என்பதே நம் துணிபு. மதிலைப் பிறிதோரிடத்தும் எழுப்பலாம். பல்லாண்டு பண்படுத்திய மண்ணை அவ்வாறு ஒரு பருவத்தில் ஆக்கிவிடல் இயலாது. இக்காலத்திலோ, வீடு கட்டுவோர் பலர் மேல்மண்ணை வாரியெறிந்து, செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்த நிலத்திற் செடி நட்டு, அது வாடக்கண்டு செடியையே பழிக்கின்றனர். மாணவ நண்பர்காள்! கடைகால் தோண்டுமுன் மேல்மண்ணைத் தனியே குவித்து வைமின். வீடு முடிந்தபின் பாத்திக்கு அதுவே முதலாகும்.