எதிர்பாராச் சந்திப்பும் ஏட்டுச் சுவடியும்

தற்செயலாய் வாய்க்கும் பெரியோர் சந்திப்பு ஒருவனது வாழ்வையே மாற்றவல்லது. ஆயின் மாற்றுவது சந்திப்பன்று. அதற்குப்பின் அவன் செய்யும் முயற்சியே. இதற்கு மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் சரிதமே தக்க சான்றாம்.

ஐயரவர்கள் 1855ஆம் ஆண்டு பிறந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்பாற் பயின்று, 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயினர். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், அந்நகர் முனிசீபாயிருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை மரியாதையின்பொருட்டுக் காணச் சென்றனர். தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணங்களையெல்லாம் அடுக்கிக் கூறியும் முதலியார் வியந்திலர். சீவகசிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டோ என வினவினர். ஐயரோ அவற்றைக் கண்டதுமிலர்.

மற்றொருவராயின் அவமதிப்பென்றெண்ணி அவ்வழி மீண்டும் மிதியார். ஐயரவர்கள் உள்ளே வருந்தினும், மீண்டுஞ் சென்று பிரதி பெற்றனர். விளங்காதவற்றைச் சைன நண்பர்களிடங் கேட்டுத் தெளிந்தனர். 1887இல் சிந்தாமணி அச்சேறியது.

பின்னர்ப் பத்துப்பாட்டுக்குப் பிரதி தேடி நம் ஆழ்வார்திருநகரிக்கு வந்தனர். இலட்சுமணக் கவிராயர் இல்லத்துச் சுவடிகளையெல்லாம் புரட்டியும் பயனில்லை. கவிராயரோ, எம் வீட்டில் இல்லையென்று கைவிரித்து அமைந்தாரல்லர். தம் மாமனார் தேவர்பிரான் கவிராயரிடமும் உசாவினர். திருவிழா நடந்த ஓரிரவில் அங்கிருந்த சுவடியைக் கொணர்ந்து ஐயர் கையிற் சேர்த்தனர். நிலவொளியிலேயே ஐயர் அதனைப் பிரிக்க, முல்லைப்பாட்டென்னும் பெயர் கண்ணிற் பட்டது. 1889இல் பத்துப்பாட்டு வெளிவந்தது. அதன்பின் 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் வந்தன. 1942இல் ஐயரவர்கள் மறையும்வரை அம்முயற்சி ஓயவில்லை.

அன்பர்காள்! இச்சரிதத்தில் இருபாலார்க்கும் பாடமுண்டு. பெரியோரைக் காணச் செல்வார், தாம் அறிந்ததைக் காட்டுவதினும் அறியாததை உணர்ந்து மீள்வதையே பெரும்பேறாகக் கொள்க, மறுமுறையுஞ் செல்க. நம் வாயிலை நாடி ஒருவர் வந்து ஒன்று கேட்பின், நம்மிடம் இல்லையென்பதோடு நில்லாது, உள்ளவரிடம் ஆற்றுப்படுத்துக. நம் ஊர்க் கவிராயர் அன்று மாமனார் வீட்டுக்கு நடந்த சில அடிகள் தமிழுலகுக்கு எத்துணைப் பயன் தந்தன! நம் பிள்ளைகட்கு இதனைச் சொல்லி வளர்ப்போமாக.