கருமணலும் ஒரு பாதிரியாரும்

எங்க ஃபைனல் இயர் புராஜெக்ட் நானோ டைட்டானியம் டை ஆக்சைடு. டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விடணும். வர்ற ஜெல்லைக் காயவைத்து, 450 டிகிரி ஃபர்னஸில் சுட்டால் பால் வெள்ளைப் பொடி. சொல்ல ஈஸி. எனக்கு முதல் மூணு தடவையும் கட்டி கட்டியாகத்தான் வந்தது. அந்தக் கடுப்பில், இதை முதலில் பார்த்த புண்ணியவான் யாருன்னு தேடினேன். நீங்க எதிர்பார்க்கவே மாட்டீங்க, அவர் ஒரு பாதிரியார்!

வில்லியம் கிரகர். 1761 டிசம்பர் 25 அன்று இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார், திருச்சபைப் பணிக்குப் போனார். படம் வரைவார், இசையிலும் நாட்டம். வேதியியல் அவருக்குச் சைடு வேலை மாதிரிதான்.

மனாக்கன் என்ற ஊர் ஓடையில் கருப்பு மணல் கிடந்தது. காந்தத்தைக் காட்டினால் ஒட்டும். அப்போ இரும்பு இருக்கணும், சரி. கிரகர் அதோடு விடலை. அமிலத்தில் இரும்பைக் கரைத்து எடுத்த பிறகும் ஏதோ மிச்சம் நின்றது. அதைக் கந்தக அமிலத்தில் போட்டால் மஞ்சள் கரைசல். அதில் துத்தநாகத்தைப் போட்டால் ஊதா! தெரிந்த எந்த உலோகமும் அப்படி நடந்துக்காது. மணலில் 45.25 சதவீதம் அந்தப் புது ஆக்சைடுன்னு கணக்குப் போட்டார். யோசிச்சுப் பாருங்க, எக்ஸ்ஆர்டி கிடையாது, எஸ்இஎம் கிடையாது. ஒரு தராசு, அமிலம், பொறுமை. நம்மகிட்ட முதல் ரெண்டும் இருக்கு.

1791-ல் எழுதி வெளியிட்டார். ஊர் பெயரை வைத்து அந்தக் கனிமத்துக்கு மெனக்கனைட்னு பெயரிட்டார். மெனக்கெட்டுக் கண்டுபிடிச்சவருக்குப் பொருத்தமான பேர்தான், ஆனா நிலைக்கலை. 1795-ல் பெர்லினில் மார்ட்டின் கிளாப்ராத், ரூட்டைல் என்ற வேறொரு கனிமத்திலிருந்து அதே ஆக்சைடைப் பிரித்தார். யுரேனியத்தைக் கண்டுபிடித்த அதே பெரிய ஆள். கிரேக்கப் புராண டைட்டன்களின் பெயரை வைத்தார். அதுதான் இன்று நம்ம பீரியாடிக் டேபிளில். பிறகு கார்ன்வால் மணலையும் சோதித்து, ரெண்டும் ஒண்ணுதான், கிரகர்தான் முந்தினவர்னு கிளாப்ராத்தே ஒத்துக்கொண்டார். அந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருந்தது.

கிரகர் கிரீட் என்ற சிற்றூர் தேவாலயத்தில் கடைசி வரை பணி செய்துகொண்டே கனிமங்களைச் சோதித்தார். 1817-ல் காசநோயில் போனார். கிளாப்ராத் மறைந்ததும் அதே வருஷம்தான். ரெண்டு பேருமே டைட்டானியத்தைச் சுத்த உலோகமாகக் கண்ணால் பார்க்கவில்லை. அதை மேத்யூ ஹன்டர் 1910-ல் தான் எடுத்தார்.

அவர் கட்டுரை வந்து சரியா 200 வருஷம் கழித்து, 1991-ல், ஓ'ரீகனும் கிரேட்சலும் நானோ டைட்டானியா படலத்தில் சாயம் ஏற்றிச் சூரிய மின்கலம் செய்தார்கள். பொடி நானோ அளவில் இருந்தால் ஒரு கிராமிலேயே சுமார் 50 சதுர மீட்டர் மேற்பரப்பு. அவ்வளவு சாயம் ஒட்டும்.

அந்தக் கருமணல் வேறெதுவும் இல்லை, இல்மனைட். நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரையில் அதே மணல்தான் கிடக்குது. அடுத்த தடவை கன்னியாகுமரி பக்கம் டூர் போனா பாக்கெட்ல ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க.