ஒலி மாற்றம் கண்ட போர்வீரர் சென் தி

புத்தர் பெருமானைச் சீன மக்கள் இன்று ஃபோ என்று வழங்குகின்றனர். திருநாமம் இவ்வாறு ஆனது எங்ஙனம் என்று அன்பர் சிலர் நம்மை வினவியதுண்டு. அப்பெயருக்கென முன்னோர் தேர்ந்த எழுத்து அக்காலத்தில் பகரத்தில் தொடங்கித் தகரத்தில் இறும் ஒலியுடையது. எழுத்து நின்றது, ஒலி மாறிற்று. ஒலி மாறும் என்னும் உண்மையைச் சான்றுகளோடு நிலைநாட்டிய சென் தி என்னும் பெருந்தகையின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

சென் தி 1541-ஆம் ஆண்டில் ஃபூஜியன் மாகாணத்து லியன்ஜியாங்கில் பிறந்தார். நூல்களைக் கற்றவராயினும் படைத்தொழிலை மேற்கொண்டு, வடவெல்லையில் நெடுஞ்சுவரை ஒட்டிக் காவல் புரிந்தார். பின்னர்ப் பதவியைத் துறந்து, நூலாராய்ச்சியிலும் யாத்திரையிலும் காலங்கழித்தார். 1603-இல் கடற்படையினரோடு தைவான் தீவு சென்று, அங்கு வாழ்ந்த பழங்குடியினரின் வாழ்க்கையைக் கண்டு எழுதினார்.

சீனரின் பழந்தொகையாகிய ஷிஜிங் 305 பாடல்களைக் கொண்டது. அவற்றின் இயைபு பல இடங்களில் பிற்காலத்தார் செவிக்குப் பொருந்தவில்லை. ஆகவே ஜூ ஷி (1130–1200) போன்ற பேரறிஞரும், ஒரே எழுத்தைப் பாட்டுக்கேற்ப இடந்தோறும் வெவ்வேறாகப் படிக்கப் பணித்தனர்.

சென் தி இதனை மறுத்தார். முன்னோர் தம் காலத்து ஒலிப்படி இயல்பாகவே பாடினர். காலமும் இடமும் வேறுபட, ஒலியும் வேறுபடும் என்றார். தாய் என்று பொருள்படும் எழுத்து இன்று மு என ஒலிக்கிறது. பழம்பாடல்களிலோ அது மீண்டும் மீண்டும் இகர ஈற்றுச் சொற்களோடு இயைகிறது. புலவர் தம் மனம்போல் ஒலியைத் திரித்திருப்பின் இத்தகைய ஒழுங்கு அமையாதன்றோ? ஆதலின் அதன் பண்டை ஒலி மி என்று துணிந்தார். இங்ஙனம் ஏறத்தாழ 500 எழுத்துக்களுக்கு, முதலில் அந்நூலினுள்ளும் பின்னர்ப் பிற பழநூல்களிலும் சான்று தேடி, 1606-இல் தம் நூலை வெளியிட்டார்.

அவர் 1617-இல் மறைந்தார். பின்வந்த கு யன்வூ (1613–1682) பண்டை இயைபுகளை 10 வகுப்பாகவும், துவான் யூட்சாய் (1735–1815) 17 வகுப்பாகவும் பிரித்தனர். வேறாயிருந்த ஒலிகள் ஒன்றானதும், ஒன்றாயிருந்தவை பிரிந்ததும் படிப்படியே தெளிவாயின. சென் தி கொண்ட ஒலிகள் சிலவற்றை இக்கால அறிஞர் ஏற்பதில்லை. ஆயினும் அவர் காட்டிய வழியிலேயே அவர்களும் நடக்கின்றனர்.

ஆலையில் உழைத்துக்கொண்டே எழுத்துக் கற்ற நமக்கு, வாளேந்திய கை இத்தகைய நூலை யாத்தது பெரும் ஊக்கமளிக்கிறது. விளங்காத ஒன்றை முன்னோர் பிழையென்று தள்ளாமலும், நம் விருப்பிற்கேற்ப வளைக்காமலும், சான்று தேடுவோமாக. தோன்றியன யாவும் மாறும் என்னும் அறத்திற்கு நம் நாவில் எழும் ஒலியும் விலக்கன்று.