கூடாரம் அடித்த ரயில்வே சிப்பந்தி: சாமிக்கண்ணு வின்ஸென்ட்

காஞ்சீபுரம் ஜில்லாவிலுள்ள உத்திரமேரூரைப் பற்றி நமது நேயர்களுக்குப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. குடவோலையிட்டு ஊர்ச்சபையாரைத் தெரிந்தெடுக்கும் முறையைப் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய வருஷங்களில், கோயில் மண்டபச் சுவரில் வெட்டிவைத்த ஊர் அது. அவ்வூரையும் அதைச் சூழ்ந்த கிராமங்களையும் சேர்ந்த குடும்பங்கள் இக்காலத்தில் விடுமுறை நாளில் பொழுதுபோக்க விரும்பினால், வண்டி அமர்த்திக்கொண்டு கேளிக்கைப் பூங்காக்களை நாடிப் புறப்படுகின்றன. இப்பூங்காக்களைப் பல கம்பெனிகள் பெரு மூலதனமிட்டு ஏற்படுத்தியிருக்கின்றன. அவற்றுள் தாம்பரத்துக்கருகே 1995ல் தோன்றிய கிஷ்கிந்தாவை ஸ்தாபித்தவர் நவோதயா அப்பச்சன் என்ற சினிமா முதலாளி. 1984ல் முப்பரிமாணப் படம் எடுத்து நாட்டையே வியக்கவைத்தவர் அவர். படக்காட்சியில் ஈட்டிய பணமும் அநுபவமும் ராட்டினமாக மாறிய கதை இது. ஆகவே, குடும்பத்தோடு டிக்கெட் வாங்கி உள்ளே நுழையும் இந்த வியாபாரத்தின் வேரைத் தேடுவோர், படக்காட்சி நம் நாட்டில் கூடாரமடித்த இடத்துக்கே செல்லவேண்டும். அங்கே நிற்பவர் ஸ்ரீ சாமிக்கண்ணு வின்ஸென்ட். பெயரை அறிந்தவர் பலர். அவர் செய்த காரியத்தின் அளவை அறிந்தவர் சிலரே என்று நமக்குத் தோன்றுகிறது.

அவருக்கு முன் நமது கிராமங்களில் வேடிக்கையே இருந்ததில்லை என்று எவரும் எண்ணவேண்டாம். உத்திரமேரூர்ப் பக்கத்திலும் தொண்டை நாடெங்கும் வேனிற்காலத்தில் திரௌபதையம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நாட்கணக்கில் நடப்பதுண்டு. அதற்குக் கட்டணமில்லை, கிழவரும் குழந்தைகளும் விடியும்வரை தரையில் அமர்ந்து பார்க்கலாம். ஆனால் எவர் எங்கே உட்காரலாம், எவர் எட்டி நிற்கவேண்டும் என்பதை நிர்ணயித்தது ஜாதி. இதைச் சொல்வதில் நமக்கு வெட்கமுண்டு. சொல்லாமல் விட்டால் பின்னால் வந்த மாறுதலின் பெருமை விளங்காது.

ஸ்ரீ வின்ஸென்ட் 1883ம் வருஷத்தில் கோயம்புத்தூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். வாலிபத்தில் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று தென்னிந்திய ரயில்வே காரியாலயத்தில் மாதம் 25 ரூபாய் சம்பளத்தில் அமர்ந்தார். அந்நாளில் ரயில்வே உத்தியோகம் என்றால் பெண் கொடுப்பவர்கள் வாசலில் காத்திருப்பார்கள். வாழ்நாள் முழுவதும் சலாம் போட்டு, இறுதியில் சிறு தொகையுடன் வீடு திரும்புவதற்கு எல்லா வசதியும் அவருக்கு இருந்தது.

1905ல் தூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் படம் காட்டும் யந்திரத்துடன் இலங்கையிலும் இந்தியாவிலும் சுற்றிக்கொண்டு திருச்சிக்கு வந்து சேர்ந்தார். பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் சலனப்படத்தைப் பொதுஜனங்களுக்குக் காட்டிப் பத்து வருஷங்களே ஆகியிருந்தன. பம்பாய் வாட்ஸன் ஹோட்டலில் அதை 1896ல் காட்டியிருந்தார்கள். வந்த இடத்தில் தூபாண்ட் நோயில் விழுந்தார். யந்திரத்தையும் படச்சுருள்களையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப முடிவுசெய்தார். வின்ஸென்ட் அவற்றை ரூ. 2,000க்கு மேல் கொடுத்து வாங்கிவிட்டார். நேயர்கள் இந்தக் கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்க்கவேண்டும். மாதம் 25 ரூபாய் வாங்குகிறவருக்கு அது ஏழு வருஷச் சம்பளம். வயதோ 22. யந்திரம் பழுதானால் சீர்செய்ய ஆளில்லை; படச்சுருளோ ஒரு பொறி பட்டால் பற்றியெரியும் வஸ்து. உத்தியோகத்தையும் உதறினார்.

அதே 1905ல்தான் வங்காளம் பிளவுபட்டுச் சுதேசியக் கிளர்ச்சி மூண்டது. மறுவருஷம் தூத்துக்குடியில் ஸ்ரீ சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வின்ஸென்ட் எந்த மேடையிலும் ஏறிய தேசபக்தரல்லர். அவர் வாங்கியது அந்நிய யந்திரம், காட்டியதும் அந்நியப் படம். இதை மறைத்து அவருக்குச் சுதேசிப் பட்டம் சூட்ட நமக்கு விருப்பமில்லை. ஆயினும், வெள்ளைக்காரர் கம்பெனிச் சம்பளத்தை விட்டு, வெள்ளைக்காரர் கையிலிருந்த ஒரு தொழிலைத் தமிழர் ஒருவர் தம் கைக்கு மாற்றிக்கொண்டது சிறு விஷயமன்று. கப்பலுக்கு அந்நியரோடு போட்டி வேண்டியிருந்தது. படத்துக்கோ போட்டியிடுவோர் அதிகம் முளைக்காத வேளை. அந்த வேளையை அவர் கண்டுகொண்டார்.

திருச்சியில் கூடாரமடித்துக் காட்சியைத் தொடங்கினார். அவரிடமிருந்த படங்களில் முக்கியமானது இயேசுநாதரின் ஜீவிய சரித்திரத்தைச் சித்திரித்த பாத்தே கம்பெனிப் படம். இங்கே ஒரு விந்தையைக் குறிப்பிடத் தோன்றுகிறது. சில வருஷங்களுக்குப் பின் பம்பாயில் இயேசுநாதரின் சரித்திரப் படம் ஒன்றைப் பார்த்தபோதுதான் ஸ்ரீ தாதாசாஹேப் பால்கேக்கு நமது புராணங்களைப் படமாக்கும் எண்ணம் உதித்தது. அவருடைய ராஜா ஹரிச்சந்திரா 1913ல் வெளிவந்தது. ஒரே வகைப் படம் ஒருவரைப் படம் எடுப்பவராக்கியது, மற்றொருவரைப் படம் காட்டுபவராக்கியது.

மின்சாரம் எட்டாத காலம் அது. சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுடரில் காய்ச்சி ஒளி உண்டாக்குவதும், கைப்பிடியைச் சுழற்றிப் படத்தை ஓட்டுவதும் அக்காலத்து வழக்கம். படம் பேசாது, அருகில் ஒருவர் நின்று கதையை எடுத்துரைப்பார். ஒரே ஊரில் பல நாள் தங்கினால் கூட்டம் குறைந்துவிடும். ஆகவே கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகவேண்டும். வின்ஸென்ட் அவ்வாறே போனார். தென்னாட்டோடு நில்லாமல் வடக்கே பெஷாவர் வரையிலும், கடல் கடந்து ரங்கூன், மலேயா வரையிலும் சென்று காட்டினார். அத்தனை தூரம் ஒரு தமிழரின் கூடாரம் சென்றது என்பதை எண்ணும்போது நமக்கு உண்மையிலேயே வியப்பு மேலிடுகிறது. ரயிலில் குமாஸ்தாக்கள் கணக்கெழுதிய தூரத்தை அவர் மூட்டை முடிச்சுகளோடு கடந்தார்!

1909ல் சென்னைக்கு வந்து எஸ்பிளனேடில் கூடாரமடித்தார். எடிஸன் கிராண்ட் சினிமாமெகாபோன் என்று அதற்குப் பெயரிட்டார். ஊமைப் படத்துக்குக் கிராமபோன் இசை துணைநின்றது. பெயரில் இருந்த ஆடம்பரத்தைக் கண்டு நாம் நகைக்கலாம். ஆனால் பட்டணத்தில் வெள்ளைக்காரர்களின் கேளிக்கையாகக் கருதப்பட்டதைச் சாமானியருக்குத் திறந்துவிட்டவை இத்தகைய கூடாரங்களே. பிறகு பாத்தே கம்பெனியின் ஏஜண்டாகிப் பிறருக்கு யந்திரங்களையும் விற்றார். அவரிடம் வாங்கியவர்கள் தாங்களும் ஊர் ஊராகக் கிளம்பினார்கள். தமக்குப் போட்டியைத் தாமே விற்றவர் என்று சிலர் அவரைப் பரிகசிக்கக்கூடும். ஒரு தொழில் நாட்டில் வேரூன்றுவது இப்படித்தான்.

இக்கூடாரங்கள் செய்த வேலையை நாம் குறைவாக மதிப்பிடலாகாது. தரை, பெஞ்சு, நாற்காலி என்ற மூன்று பிரிவுகளையும் பிரித்தது காசு, ஜாதியன்று. கூலிக்காரனும் மிராசுதாரும் ஒரே வெள்ளைத் திரையை ஒரே நேரத்தில் பார்த்தார்கள். பெண்களுக்குத் தனிப்பக்கம் ஒதுக்கப்பட்டதால் வீட்டுப் பெண்களும் துணிந்து வந்தார்கள். எல்லா ஊரிலும் இது தகராறின்றி நடந்தது என்று நாம் சாதிக்க வரவில்லை. ஏழை என்றும் பணக்காரன் என்றும் பிரிப்பது மட்டும் நியாயமோ என்று கேட்போருக்கும் நம்மிடம் பதிலில்லை. எனினும், கையில் ஓரணா உள்ளவனை வெளியே நில் என்று சொல்ல டிக்கெட் கிழிப்பவனுக்கு லாபமில்லை. சீர்திருத்தக்காரர்கள் கோயில் வாசலில் பல்லாண்டு வாதாடிய காரியத்தில் ஒரு சிறு பகுதியை, வாதமே இல்லாமல், ஒரு வியாபாரம் செய்துகொண்டிருந்தது.

1914ல் வின்ஸென்ட் பிறந்த ஊரிலேயே நிலைத்தார். கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். தென்னிந்தியாவின் மிகப் பழைய கொட்டகைகளுள் அது ஒன்று. தம் கொட்டகைக்கு யந்திரம் வைத்து மின்சாரம் உற்பத்தி செய்தார். அந்த விசையைப் பகலில் வீணாக்க மனமின்றி அச்சுக்கூடமும் அரிசி ஆலையும் நடத்தினார். பைக்காரா மின்சாரம் 1932ல் தோன்றுவதற்கு வெகு முன்னரே இவ்வளவும் நடந்தது. இன்று ஆலைகளுக்குப் பேர்போன அந்நகரில், படக்காட்சிக்காக ஓடிய யந்திரம் நெல்லும் குத்தியது என்பதை நினைவில் வைப்போர் அரியர்.

1931ல் தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது. நாற்பத்தெட்டு வயதான மனிதர் இனி ஓய்ந்திருக்கலாம் என்று நினைக்காமல், கல்கத்தாவிலிருந்த பயோனீர் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்தார். ஸ்ரீமதி டி. பி. ராஜலக்ஷ்மி நடித்த வள்ளி திருமணம் 1933ல் வெளிவந்து அமோகமாக ஓடிற்று. கிராமத்தார் கூத்திலும் நாடகத்திலும் கண்டு பழகிய வள்ளியே அந்நாளில் திரையிலும் பாடினாள். அடுத்தும் சில படங்களில் அவருக்குப் பங்குண்டு. அவற்றைப் பற்றி விரிப்பானேன்?

1942ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஸ்ரீ வின்ஸென்ட் காலமானார். அவருக்குப் பின்னும் பல பதிற்றாண்டுகள் டூரிங் கொட்டகைகள் செங்கற்பட்டு, காஞ்சீபுரம் பக்கங்களில், ஊர்ப்புறத்துத் திடல்களில், தற்காலிக லைஸென்ஸுடன் நடந்தன. மாட்டுவண்டியில் தட்டியும் மேளமுமாக நோட்டீஸ் கொடுத்துச் சென்றதும், மணலைக் குவித்து மேடாக்கிக்கொண்டு முன்னாலிருப்பவர் தலையை மறைக்காமல் பார்த்ததும் இன்று முதியவர்களின் பேச்சில் மட்டுமே உள்ளன. பின்னர் டெலிவிஷன் வந்தது, கூடாரங்கள் மறைந்தன, பூங்காக்கள் எழுந்தன. கூடாரம் குடும்பத்தைத் தேடி ஊருக்கு வந்தது. பூங்காவைத் தேடிக் குடும்பம் பிரயாணம் செய்யவேண்டும், ஒருநாள் நுழைவுக் கட்டணமும் பலருக்குப் பல நாள் கூலி. உத்திரமேரூர்ப் பக்கத்து விவசாயக் கூலிக்காரன் தன் பிள்ளைகளுடன் உள்ளே நுழையக்கூடிய தரை டிக்கெட் ஒன்றை எந்தப் பூங்கா முதலாளியும் இதுவரை ஏற்படுத்தியதாகத் தெரியவில்லை.

கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் பிற்காலத்தில் டிலைட் என்று பெயர் மாறியது. அது நின்ற வீதிக்கு வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் மட்டும் வழங்கிவருகிறது. கூடாரமடித்த திடல்களுக்கு அந்த அடையாளமும் கிடையாது. முளையடித்த குழிகள் அடுத்த மழையிலேயே தூர்ந்துபோயின.