எண்களை நம்பாத புள்ளியியல் மேதை

புள்ளியியல் என்றாலே கொட்டாவி விடுபவர்கள் இதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள்.

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்தபோது நம்ம ராமானுஜன் இவருக்கு நண்பர். குளிரில் ஓவர்கோட்டோடு தூங்கிய ராமானுஜனுக்கு, கட்டிலில் மடித்துச் செருகியிருந்த கம்பளிகளை எடுத்துப் போர்த்திக்கொள்ளக் கற்றுக்கொடுத்தவர் இவர்தான்! 1915-இல் ஊர் திரும்பும்போது போரினால் கப்பல் தாமதம். அந்த இடைவெளியில் நூலகத்தில் பயோமெட்ரிகா என்ற ஆய்விதழ் கண்ணில் பட, அதன் தொகுதிகளை வாங்கிக்கொண்டே கப்பல் ஏறினார். வாழ்க்கை திசை மாறியது.

1922-இல் வட வங்காளத்தில் பெருவெள்ளம். தண்ணீரைத் தேக்கி நிறுத்த நீர்த்தேக்கங்கள் கட்டலாம் என்றார்கள். மகலனோபிஸ் 50 வருட மழைக் கணக்கை அலசி, அவை பயன்படாது, தண்ணீர் சீக்கிரம் வடிய வழி வேண்டும் என்று காட்டினார். (பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி வாழும் எங்க கோவிலம்பாக்கத்துக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.)

1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். 1937 முதல் வங்காளத்தில் சணல் சர்வே. எத்தனை ஏக்கரில் சணல் என்ற கணக்கு தப்பினால் விலை ஆடும், அடி விழுவது விவசாயி வயிற்றில். எல்லா வயலையும் அளக்கப் பணம் ஏது? சில இடங்களை மட்டும் குலுக்கல் போல எடுத்து அளந்தார். அதோடு விடவில்லை. ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனிக் குழுக்களை அனுப்பினார். இரண்டு விடையும் ரொம்ப விலகினால் எங்கேயோ கோளாறு. மரத்தடியில் உட்கார்ந்தே எழுதியவர் மாட்டிக்கொள்வார்.

இன்று சமூக அறிவியலில் கம்ப்யூட்டருக்குள் ஆயிரம் கற்பனை மனிதர்களை விட்டு, ஆளுக்கு ஒரு விதி கொடுத்து, ஊர் எப்படி மாறுதுன்னு பார்க்கிறார்கள். ஏஜென்ட் சிமுலேஷன் என்று பெயர். ஒரு தடவை ஓட்டி வந்த கிராஃபை பிரிண்ட் எடுத்தால் போதாது. அதே விதிகளை வேறு வேறு ரேண்டம் எண்ணில் தொடங்கி நூறு தடவை ஓட்டி, விடைகள் எவ்வளவு சிதறுதுன்னு பாக்கணும். இது மகலனோபிஸின் இரண்டு குழு யோசனைக்குச் சொந்தக்காரன்தான்.

ஆனால் ஒன்று. இரண்டு குழுவும் ஒரே தப்பைச் செய்தால்? சின்ன வட்டத்துக்குள் பயிரை அறுத்து விளைச்சலைக் கணக்கிட்டார் மகலனோபிஸ். ஓரத்துச் செடியும் உள்ளே சேர்ந்து விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்று பி.வி. சுகாத்மே எதிர்த்தார். சுகாத்மே சொன்னது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. சிமுலேஷனிலும் விதியே தப்பாக இருந்தால் நூறு விடையும் ஒற்றுமையாகப் பொய் சொல்லும். அதனால் வீதியில் இறங்கி நிஜக் கணக்கோடு ஒத்துப் பார்த்தே ஆகணும்.

1950-இல் தேசிய மாதிரி சர்வே இவர் முயற்சியில் தொடங்கியது. எங்க அம்மா மாதிரி படிக்காதவங்க வீட்டிலும் மாதம் அரிசிக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு என்று கேட்டு எழுத ஆள் வந்தது அதனால்தான். 1950-களின் நடுவில் இந்தியாவின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் இவருடைய கழகத்தில்தான். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கும் இவர் போட்ட கணக்கே அடிப்படை.

1972 ஜூன் 28, 79-ஆவது பிறந்த நாளுக்கு முந்தின நாள், காலமானார்.