மிதிவண்டியில் வந்து மலையேறிய மங்கை

காலை வேளையில் கூடுவாஞ்சேரி நெடுஞ்சாலை ஓரமாக மிதிவண்டிகளில் பள்ளிக்கு வரும் எங்களைப் பார்த்திருப்பீர்கள். முதுகில் புத்தகப் பை, கைப்பிடியில் சாப்பாட்டுக் கூடை. ஒருபுறம் லாரிகளின் இரைச்சல், மறுபுறம் மின்சார ரயிலின் ஓசை. இரண்டு மைல் மிதிப்பதற்குள் களைத்துவிடுகிறோம். நடுவழியில் டயர் பஞ்சராகிவிட்டாலோ அழுகையே வந்துவிடும். ஆனால் சில நாட்களில் நாற்பது முறைகூடப் பஞ்சரான சக்கரங்களுடன், இந்தியாவின் தென்கோடியிலிருந்து வடக்கே இமயம் வரை மிதித்துச் சென்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை அறிந்தபோது எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. அவர்தாம் ஃபேனி புல்லக் வொர்க்மன் அம்மையார்.

ஃபேனி 1859ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையார் அலெக்ஸாண்டர் புல்லக் அம்மாநிலத்தின் ஆளுநராக விளங்கியவர். செல்வச் சீமாட்டியாகவே வாழ்ந்து முடித்திருக்கலாம். ஆனால் 1882இல் வில்லியம் ஹண்டர் வொர்க்மன் என்னும் மருத்துவரை மணந்தபின் அவர் வாழ்வு வேறு திசையில் திரும்பிற்று. கணவர் மலையேற்றத்தில் ஆர்வமுள்ளவர். அவருடன் வாஷிங்டன் மலையில் பலமுறை ஏறி, அப்பயிற்சியைக் கற்றுக்கொண்டார் ஃபேனி. பின்னர் கணவரின் உடல்நலம் குன்றவே, குடும்பம் ஜெர்மனியில் குடியேறியது.

ரேச்சல் என்ற மகளும் சீக்ஃப்ரீட் என்ற மகனும் அவர்களுக்கு இருந்தனர். 1893இல் சின்னஞ்சிறு பாலகனான சீக்ஃப்ரீட் காய்ச்சலாலும் நுரையீரல் அழற்சியாலும் இறந்துபோனான். அதன் பின்னர் அத்தம்பதியர் நீண்ட பயணங்களில் மூழ்கினர்.

1888இல் காற்றடைத்த டயர் வந்தபிறகு மிதிவண்டி எளிதாக ஓட்டக்கூடியதாயிற்று. அக்காலத்துப் பெண்களுக்கு அது ஒரு வண்டி மட்டுமன்று. எவர் துணையும் கேட்காமல் வீட்டு வாசலைத் தாண்ட உதவிய இரண்டு சிறகுகள் என்றே சொல்லலாம். ஃபேனி அம்மையார் தரையைத் தொடும் பாவாடையுடனேயே ஸ்பெயின், அல்ஜீரியா நாடுகளை மிதிவண்டியில் சுற்றி வந்தார்.

1897 நவம்பரில் தொடங்கியது அவர்களுடைய பெரும்பயணம். இந்தியா, இலங்கை, பர்மா, ஜாவா ஆகிய நாடுகளில் இரண்டரை ஆண்டுகளில் 14,000 மைல் பயணம் செய்தனர். இந்தியாவில் மட்டும் தெற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 4,000 மைல் மிதித்தனர். புறப்படுமுன் அம்மையார் இராமாயண, மகாபாரதக் கதைகளைப் படித்து அறிந்துகொண்டார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும். தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், தண்ணீர், ஆளுக்கொரு கம்பளி, மருந்துப் பெட்டி, வண்டி பழுதுபார்க்கும் கருவிகள் ஆகியவையே அவர்களுடைய மூட்டை. நம் ஊரில் இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் அருகருகே செல்கின்றன அல்லவா? அப்படிப்பட்ட வழிகளையே அவர்களும் தேர்ந்தெடுத்தனர். உணவு கிடைக்க அது உதவியது. தங்க இடமில்லாத இரவுகளில் ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறையே வீடாயிற்று. எலிகளும் பூச்சிகளும் துணைக்கு இருந்தன!

வடக்கே மலைகள் எதிர்ப்பட்டதும் மிதிவண்டிகளை விட்டுவிட்டுக் கால்நடையாக 14,000 அடிக்கும் மேலான கணவாய்களைக் கடந்தனர். பனிமலைகளைக் கண்ட கண்கள் பிறகு வேறொன்றையும் நாடவில்லை. 1899இல் காரகோரம் மலைத்தொடரில் மூன்று சிகரங்களில் ஏறினார் அம்மையார். அவற்றுள் ஒன்றுக்கு இறந்துபோன மகனின் பெயரைச் சூட்டினர். தாய் உள்ளம் மலையுச்சியிலும் பிள்ளையை மறக்கவில்லை.

அவர் வாழ்வின் பெருநாள் 1906இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 47. இன்றைய லடாக்கிலுள்ள நன்குன் மலைத்தொகுதியில், 20,000 அடிக்கும் மேலே பனியில் கூடாரமிட்டுத் தங்கினர். காற்றில் உயிர்வளி குறைந்த அந்த உயரத்தில் உறக்கமே வராது. பத்தடி நடந்தாலும் மூச்சு முட்டும். ஆயினும் வழிகாட்டி சிப்ரியன் சவோயும் ஒரு சுமையாளும் உடன்வர, பினக்கிள் சிகரத்தின் உச்சியில் கால் பதித்தார். அதன் உயரம் ஏறத்தாழ 22,735 அடி. நாம் படியேறிச் செல்லும் பரங்கிமலை சுமார் 300 அடிதான். எழுபத்தைந்து பரங்கிமலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள்! 1934 வரை வேறெந்தப் பெண்ணும் அந்த உயரத்தை மிஞ்சவில்லை.

1912இல் சியாச்சின் பனியாற்றை ஆராய்ந்து வரைபடம் தயாரிக்கும் குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார். அங்கே சுமார் 21,000 அடி உயரத்தில், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று கூறும் செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி புகைப்படம் எடுத்துக்கொண்டார். அமெரிக்கப் பெண்களுக்கு அவ்வுரிமை 1920இல் கிட்டியது. நம் சென்னை மாகாணத்துப் பெண்களுக்கு 1921இல் கிட்டியது.

இத்துணைப் புகழுடையவரிடம் ஒரு குறையும் இருந்தது. அதை மறைத்து எழுதுவது முறையாகாது. தம் மூட்டைகளைச் சுமந்த மலைவாழ் மக்களை அவரும் கணவரும் மதித்து நடத்தவில்லை. சோம்பேறிகள் என்றே அவர்களை எண்ணினர். ஒரு பயணத்தில் சுமையாட்களுள் 150 பேர் உணவுப் பொருள்களையும் எடுத்துக்கொண்டு நடுவழியில் விட்டுச் சென்றனர். சியாச்சின் பயணத்தில் அம்மையாரின் அருகில் சென்றுகொண்டிருந்த செசாரே செனோஸ் என்ற இத்தாலியர் பனிப்பிளவுக்குள் விழுந்து உயிர் நீத்தார். சிகரங்களின் பட்டியலில் அம்மையாரின் பெயர் இருக்கிறது. கூடாரத்தையும் அரிசியையும் சுமந்தவர்களுள் பெரும்பாலோர் பெயரற்றவர்களாகவே மறைந்தனர்.

ஃபேனி அம்மையார் 1925 ஜனவரி 22ஆம் நாள் பிரான்சு நாட்டின் கான் நகரில் காலமானார். தம் செல்வத்தில் 1,25,000 டாலரை நான்கு மகளிர் கல்லூரிகளுக்கு எழுதிவைத்திருந்தார். தமக்குப் பின்வரும் பெண்களும் ஏறவேண்டும் என்ற எண்ணமே அதற்குக் காரணமாக இருந்திருக்கும்.

அன்புத் தோழியரே! இவ்வரலாறு நமக்கு இரண்டு பாடங்களைக் கற்பிக்கிறது. முதலாவது, சிகரத்திற்குப் போகும் வழி நம் வீட்டு வாசலில் நிற்கும் மிதிவண்டியிலிருந்தே தொடங்கலாம் என்பது. இரண்டாவது, உச்சியை அடைந்தவர் தம்மைச் சுமந்தவர்களைத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்பது. விடியுமுன் எழுந்து நமக்குச் சாப்பாடு கட்டித்தரும் அம்மா, பள்ளிக் கட்டணத்திற்காகக் கூடுதல் நேரம் உழைக்கும் அப்பா, நம் வகுப்பறையைக் கூட்டிப் பெருக்கும் ஆயாம்மா ஆகியோரும் நம் சுமையாட்களே. அவர்கள் பெயரையாவது நாம் அறிந்திருக்கிறோமா?

பெற்றோருக்கும் எங்கள் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. பிளஸ் டூ முடிந்ததும் மகளின் மிதிவண்டி தம்பிக்குப் போய்விடுவது பல வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. தம்பிக்குக் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அக்காள் போகவேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது. அவளையும் வழியனுப்பி வையுங்கள். இறைவன் அவள் கால்களுக்கு வலிமை தருவார்.