பழைய பலகை போதும்!

ஊஞ்சல் இல்லை. சறுக்கு மரமும் இல்லை. பழைய பலகை, செங்கல், சுத்தியல், மண்வெட்டி! பிள்ளைகள் தாங்களே குடிசை கட்டினார்கள், குழி தோண்டினார்கள். துணைக்கு ஒரு பெரியவர் இருந்தார். டென்மார்க்கில் எம்ட்ரூப் என்ற இடத்தில், 1946-ல் இதைக் கண்டு வியந்தவர் ஆலன் சீமாட்டி.

1897-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். தோட்டக் கலை படித்தவர். 1939-ல் கணவரை இழந்தார். பிறகு குழந்தைகளே அவர் கவலை.

லண்டனில் போரின்போது குண்டு விழுந்த மனைகள் சும்மா கிடந்தன. அங்கே திடல் கேட்டார். அலங்கோலமாக இருக்கும், அடிபடும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. (பெற்ற வயிறு பயப்படாதா?) அவர் விடவில்லை. 1948-ல் கேம்பர்வெல்லில் திடல் வந்தது.

1970-ல் செல்சியில் உடற்குறையுள்ள குழந்தைகளுக்கும் ஒரு திடல் அமைத்தார். அப்போது அவருக்கு வயது 70-க்கு மேல்! 1976-ல் காலமானார்.